மேற்கே பார்த்து நடப்பது எப்படி?

மலையேறுவது என்று முடிவாகிவிட்டால் முதல் வேலையாக வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்க வேண்டும். குழுவின் முகப்பில் இத்தாலியின் டோலமைட் சிகரங்களை வைப்பது வழக்கம். போகப்போவது ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புதான். ஆனால் செண்பகத்தோப்புப் படத்தை வைத்தால் பாதிப் பேர் சேரமாட்டார்கள். குழுவில் இருபது பேர் இருப்பார்கள். பன்னிரண்டு பேர் 'கண்டிப்பா வர்றேன்' என்பார்கள். சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் கிளம்பும்போது நான்கு பேர் நிற்பீர்கள். கவலை வேண்டாம், இதுவே சரியான எண்ணிக்கை. அதற்கு மேல் ஆள் போனால் காட்டில் உங்கள் குரலைத் தவிர வேறொன்றும் காதில் விழாது.

ரயிலில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. விடியும் நேரத்தில் சிவகாசியைத் தாண்டினால் மேற்கே மலை நீலமாக எழும்பிக் கூடவே வரும். ராஜபாளையம் தாண்டியும் விடாது. உச்சியில் கருமேகம் உட்கார்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். உட்கார்ந்திருந்தால் மலையை மறந்து, ஆண்டாளைச் சேவித்து, கோயில் வாசலிலேயே பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் புத்தி. உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். நீங்கள் செய்யமாட்டீர்கள். ரிட்டர்ன் டிக்கெட் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு அல்லவா போட்டிருக்கிறீர்கள்?

அடுத்தது காலணி. இத்தாலியின் வடமேற்குக் கடலோரத்தில் சிங்குவே தெர்ரே என்று ஐந்து கிராமங்கள் இருக்கின்றன. மலைச்சரிவிலேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகலாம். ரப்பர் செருப்போடு அந்தத் தடத்தில் ஏறினால் 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019-இல் அறிவித்தார்கள். இந்தச் சட்டம் வத்திராயிருப்புப் பக்கம் வந்தால், ஆடி அமாவாசை ஒரே நாள் வசூலில் தாலுகாவுக்கே தார் ரோடு போட்டுவிடலாம். அந்தப் பக்கத்துச் சதுரகிரி மலைக்கோயிலுக்குத் தாணிப்பாறை வழியாக ஏறும் கூட்டத்தில் ரப்பர் செருப்புப் போட்டவர்தான் வசதியானவர். மற்றவர்களுக்கு வெறுங்கால். நீங்கள் கணுக்கால் வரை மூடும் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூவோடு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, மஞ்சப்பையைத் தலையில் வைத்த ஒரு பாட்டி உங்களைக் கடந்து போவார். நின்று, குனிந்து பார்த்து, "கால்ல என்ன ராசா, மாவுக்கட்டா?" என்று கேட்பார். பதில் சொல்ல முயலாதீர்கள். மூச்சை மிச்சம் பிடியுங்கள்.

தூரம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அடிவாரத்தில் டீ ஆற்றுகிறவரிடம் "எவ்வளவு தூரம் அண்ணாச்சி?" என்று கேட்டால், "இந்தா, கூப்பிடு தூரந்தான்" என்பார். வழியில் சுக்குமல்லிக் காபி விற்கிறவர் "பாதிக்கு மேல வந்துட்டீக" என்பார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொருவரும் அதையே சொல்வார். இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் "இன்னும் கொஞ்சந்தான்" என்பார்கள். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஏறுகிறவனிடம் உண்மையைச் சொல்வது பாவம் என்று இந்தப் பக்கத்தில் ஒரு கொள்கை. மலை மேல் இருக்கும் சுந்தர மகாலிங்கமும் இதற்கு உடந்தை. நீங்கள் ஏறத் தொடங்குவது விருதுநகர் மாவட்டத்தில். அவர் உட்கார்ந்திருப்பது மதுரை மாவட்டத்தில். மாவட்டமே மாறுகிறதென்றால் தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். இத்தாலியில் 1863-இல் தொடங்கிய ஆல்பைன் கிளப் ஒன்று, மலைத் தடங்களில் பாறைக்கும் மரத்துக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்து வைத்திருக்கிறது. நடக்கிறவர் பட்டையைப் பார்த்துக்கொண்டே போகலாம். நமக்கும் பட்டை உண்டு; காவியும் வெள்ளையுமாக அதைக் கண்டால் பக்கத்தில் சாமி இருக்கிறது என்று பொருள். சதுரகிரித் தடத்தில் வழுக்குப்பாறை, அத்தியூத்து, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பலாவடிக் கருப்பசாமி என்று பெயர்களைக் கேட்டுக்கேட்டே போய்விடலாம். வழுக்குப்பாறை என்று பெயரிட்டவர் உங்களுக்கு வேண்டிய எச்சரிக்கையைப் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார். அதற்கு மேல் ஒரு பலகை வைத்து, அதில் யாராவது காதலி பெயரைக் கிறுக்கி... வேண்டாம்.

இனி அனுமதி. 'மலை யார் வீட்டுச் சொத்து, நான் ஏன் கேட்க வேண்டும்?' என்ற கேள்வி உங்களுக்குள் எழும். எழுந்தால் நீங்கள் முழுமையான மலையேற்றக்காரர் ஆகிவிட்டீர்கள். இருந்தாலும் சில விவரங்கள். 1988-இல் இந்த மலைச்சரிவு சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனியாக விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே நாற்பது தடங்களைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம் என்றது. சதுரகிரிக்கோ நெடுநாள் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டி மாதத்தில் எட்டு நாள்தான் கதவு திறந்தது. உங்கள் அலுவலகம் சனி ஞாயிறு பார்த்து விடுமுறை விடுகிறது; இந்த மலை நிலாவைப் பார்த்து ஆளை விட்டது. விதிகள் அவ்வப்போது மாறும், மழை வந்தால் உடனே மாறும். கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ரீல்ஸில் கேட்காதீர்கள்.

சரி, செண்பகத்தோப்புக்கு வருவோம். அந்தச் சாம்பல் நிற அணிலை எப்படிப் பார்ப்பது? முதலில் அணில் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட வேண்டும். முதுகில் ராமர் போட்ட மூன்று கோடு இதற்குக் கிடையாது. சேது பாலம் கட்டும்போது இது வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. ஆனாலும் இலங்கையில் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது, கேரளத்தின் சின்னாறு வரையும் இருக்கிறது. சாம்பல் பூசிய உடம்பு, உடம்பு நீளத்துக்கே ஒரு வால். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை. தரையில் இறங்குவது அபூர்வம். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. கூட்டையும் அப்படிப்பட்ட இடத்தில்தான் கட்டும், நாலு பக்கமும் ஓடிப்போக வழி வைத்து. நடுவில் ரெண்டு மரத்தை வெட்டினால் அதன் ஊரே ரெண்டாகிவிடும்.

பார்க்கும் முறை இதுதான்: மரத்தின் மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். கொறித்துப்போட்ட புளியங்காய்த் தோலும் பழக்கொட்டையும் புதிதாகக் கிடந்தால் அங்கேயே வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். விசில் அடிக்கக் கூடாது. 'ச்சூ ச்சூ' என்று கூப்பிடக் கூடாது. அது உங்கள் மாமா வீட்டு ராஜபாளையம் நாய் இல்லை. புளூடூத் ஸ்பீக்கரில் இளையராஜாவைப் போட்டால் அணில் வரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர் பாட்டில் குறை இல்லை, ஆனாலும் அணில் வராது. வனக்காவலர் வருவார்.

உடன் ஒருவரை அழைத்துப் போங்கள் என்றால், யூடியூப்பில் 'மலைமனிதன்' என்று பெயர் வைத்துக்கொண்டவரை அழைத்துப் போவார்கள் பலர். இந்த மலையில் செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கமும் பளியர்கள் குடியிருக்கிறார்கள். தேன் எடுத்தும் மூலிகையும் கிழங்கும் சேகரித்தும் இந்தக் காட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள். வனத்துறை அமர்த்திய வழிகாட்டியாக அவர்களில் ஒருவர் உங்களோடு வந்தால் அது உங்கள் நல்ல காலம். அவர் முன்னால் போய்ச் சட்டென்று நின்றால் நீங்களும் நில்லுங்கள். 'என்ன அண்ணே, என்ன அண்ணே' என்று முதுகில் தட்டாதீர்கள். ஈரமான யானைச் சாணியைப் பார்த்திருப்பார். மாங்காய்க் காலத்தில் யானைகள் அடிவாரத் தோப்புகளுக்கு இறங்கும். ராஜபாளையம் சப்பட்டை மாங்காயின் ருசி நமக்கு மட்டும் தெரிந்ததென்று நினைப்பது சுத்த ஆணவம். அவர் வந்த வழியே திரும்பச் சொன்னால், 'இவ்வளவு தூரம் வந்துட்டு...' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை முழுங்கிவிடுங்கள். காட்டில் நடந்த பல கோளாறுகள் அந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

இனி நகைக்க ஒன்றும் இல்லாத விஷயம். மேலே மழை, கீழே வெயில் என்பது இந்த மலையின் வழக்கம். உச்சியில் கொட்டிய மழை, நீங்கள் காலை நனைத்துக்கொண்டிருக்கும் ஓடைக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுப்பாகவே இருக்கும். தெளிந்த தண்ணீர் சற்றே கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், சத்தம் மாறும். அவ்வளவுதான் முன்னறிவிப்பு. 2015 மே மாதம் சதுரகிரி ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். மே மாதம், அக்னி நட்சத்திரக் காலம். அப்போது யார்தான் வெள்ளத்தை எதிர்பார்ப்பார்கள்? கலங்கல் கண்டதும் கரையேறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அக்கரையிலேயே இருங்கள். பசியோடு ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தவர்கள் மறுநாள் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கயிறு பிடித்துக் கடந்துவிடலாம் என்று உங்கள் குழுவில் ஒருவர் சொல்வார். அவர்தான் வாட்ஸ்அப் முகப்பில் டோலமைட் படம் வைத்தவர்.

மலையேற்றம் இத்தனை சிரமமா என்று தோன்றினால், ராஜபாளையத்தில் ஊரை ஒட்டியே சஞ்சீவி மலை இருக்கிறது. அனுமார் மருந்து மலையைத் தூக்கிப் போகும்போது சிந்திய துண்டு என்பார்கள். தூக்கிக்கொண்டு பறந்தவரே ஒரு துண்டைத் தவற விட்டிருக்கிறார், நீங்கள் தண்ணீர் பாட்டிலைத் தவற விட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் திரும்பப் போய் எடுத்து வாருங்கள்.

கடைசியாக, குளியல். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில் குளிக்கலாம். அனுமதி இருக்கும் நாளில், அனுமதித்த இடத்தில் ஆசை தீரக் குளியுங்கள். ஒரு வேண்டுகோள்: பாட்டில், பாலிதீன் பை, பிரியாணிப் பொட்டலம் எதுவானாலும் கொண்டுபோனதைக் கொண்டுவாருங்கள். சோப்பையும் ஷாம்பூ பாக்கெட்டையும் வீட்டை விட்டே எடுக்காதீர்கள். இந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து ராஜபாளையத்துக் குழாய்களில் குடிநீர் வருகிறது.