முடிச்சு போச்சு, கையெழுத்து இருக்கு

கேள்வி: உப்பளத்து மோட்டாருக்கு அவர் வாங்கிய பேங்க் கடனில் நான் ஜாமீன். இப்போது விவாகரத்தாகிவிட்டது. தவணையை என்னிடம் கேட்கிறார்களே, நியாயமா? (வாசகி, கிளியனூர்)

பதில்: மூன்று முடிச்சைத்தான் கோர்ட் அவிழ்த்தது, அம்மணி. பேங்க் பாரத்தில் போட்ட கையெழுத்து மரக்காணத்து உப்பா, மழைக்குக் கரைய? 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. யாரை முதலில் பிடிப்பது என்பது பேங்க் இஷ்டம். யார் போனை எடுக்கிறாரோ அவரைப் பிடிக்கும். ‘கடனை அவரே கட்டுவார்’ என்று விவாகரத்து மனுவில் எழுதியிருந்தாலும் அது உங்கள் இருவருக்குள்தான். பேங்க் அந்தக் கல்யாணத்துக்கும் வரவில்லை, பஞ்சாயத்துக்கும் வரவில்லை.

கையெழுத்தே போடாத கடனென்றால், ‘பெண்டாட்டியாக இருந்தாய்’ என்பதற்காக மட்டும் உங்களிடம் கேட்க முடியாது. அவர் அடகு வைத்த உங்கள் சீதன நகையும் உங்களுடையதே. உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. ஜாமீன் போட்ட கடனைக் கட்டித் தொலைத்தால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி அவரிடம் வசூலிக்கலாம். ரசீதை மட்டும் பழைய வீட்டு பீரோவில் விட்டுவிடாதீர்கள்.