அடுத்தாள் கச்சேரி

சங்கீதம் தழைக்க வேண்டுமானால் ஊரில் நாலு பேருக்காவது வட்டிக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். காரைக்குடிக்காரனான எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டும் கொடுக்கல் வாங்கல் ஊர்தான். 1712-இல் அங்கே வேலைக்கு வந்தார் ஜார்ஜ் பிலிப் டெலிமான். சர்ச்சுக்குப் பாட்டெழுதினார், பெரிய வீட்டுக்காரர்களின் சங்கத்தை நிர்வகிக்கும் வேலையும் அவர் தலையில்தான்.

பன்னிரண்டு வயதில் இவர் ஒரு ஆபரா எழுதிவிட, பயந்துபோன தாயார் வீட்டிலிருந்த வாத்தியங்களையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். பலன் பூஜ்யம். மூவாயிரத்துக்கும் மேல் இசைப் படைப்புகளை எழுதித் தள்ளினார் மகன்.

அதில் ஒன்றுதான், 1716-க்கும் 1721-க்கும் இடையில் வயோலாவுக்காக எழுதிய ஜி மேஜர் கான்செர்ட்டோ. வயோலா வயலினுக்கு அண்ணன். அந்தக் கட்டைக் குரலுக்கு உடம்பு இன்னும் பெருத்திருக்க வேண்டும். பெருத்தால் தோளில் நிற்காது. சுருக்கினார்கள், குரல் மூக்கடைத்துக்கொண்டது. வாத்தியக் கோஷ்டி ஒரு கிட்டங்கி, அதாவது நகரத்தாரின் வட்டிக்கடை, என்றால் வயலின் மேலாள், வயோலா அடுத்தாள்: நாள் பூரா பேரேடு எழுதுவார், பெயர் மேலாளுக்குப் போகும். கற்றுக்குட்டிகளிடமும் திறமை போதாதவர்களிடமும்தான் வயோலாவைக் கொடுக்கிறார்கள் என்று 1752-இல்கூட குவாண்ட்ஸ் என்ற புல்லாங்குழல் வித்வான் எழுதிவைத்தார்.

அந்த அடுத்தாளை நடுவில் நிறுத்தி, மேலாள்களைப் பக்கவாத்தியமாக்கினார் டெலிமான். நாலு பகுதிகள்: மெதுவாக ஒன்று, விறுவிறுவென்று ஒன்று, திரும்ப மெதுவாக, கடைசியில் ஒரே ஓட்டம். தெரிந்தவரை தனி வயோலாவுக்கு முதல் கான்செர்ட்டோ இதுதான்.

ஆள் பிழைக்கத் தெரிந்தவர். 1722-இல் லைப்சிக் வேலை கைக்கு வந்ததும், அதைக் காட்டி, அதற்குள் மாறிப் போயிருந்த ஹாம்பர்க்கில் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். லைப்சிக்காரர்கள் வேறு வழியில்லாமல் மறு வருஷம் பாக் என்பவரை வைத்துக்கொண்டார்கள். பாக்கும் வயோலா வாசிக்க ஆசைப்படுகிறவர்தான்!

அடுத்தாள் நடுவுக்கு வந்த கதை எங்கள் பக்கமும் உண்டு. வாய்ப்பாட்டே மேலாளாக இருந்த கர்நாடகக் கச்சேரி உலகில், நகரத்தார் ஊரான எங்கள் காரைக்குடியில் இரண்டு வீணைகள் நடுவில் வந்து உட்கார்ந்தன. சுப்பராம ஐயர் வீணையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வாசிப்பார். அருகில் தம்பி சாம்பசிவ ஐயர். மிருதங்கத்துக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. 1952-இல் சங்கீத நாடக அகாடமி விருது தம்பிக்கு வந்தது. அதே வருஷம் வாய்ப்பாட்டுக்கு வாங்கியவர் பக்கத்து அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். டெல்லிக்காரர்கள் இரண்டையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கலாம்.