தீவகக் கூட்டங்களிற் பேச்சாளர் தெரிவு: ஓர் அளவையியல் நோக்கு

நாரந்தனையிலும் அதை அடுத்த ஊர்களிலும் நடைபெறும் சனசமூக நிலைய ஆண்டு விழா, வாணி விழா, பரிசளிப்பு விழா ஆகியவற்றுக்குப் பேச்சாளரைத் தெரிவுசெய்யும் முறை இதுகாறும் தக்கவாறு ஆராயப்படாமையால், பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரத்தையே அதற்கு முதனூலாகக் கொள்ள வேண்டியுள்ளது. ஆசிரியராகத் தகாதவருக்கு அந்நூல் கூறும் நான்கு உவமைகளும் ஒலிவாங்கியைப் பிடித்தோருக்கும் பழுதறப் பொருந்துகின்றன.

கழற்பெய்குடம் என்பது கழற்சிக்காய் நிறைத்த குடம். போட்ட ஒழுங்கின்றி வந்தபடி கொட்டுவதாகிய அதன் இயல்பை வாழ்த்துரைகளிற் காணலாம். பருத்திக்குண்டிகை, அதாவது பஞ்சடைத்த குடுக்கை, சிறிது சிறிதாகப் பிடுங்கினாலன்றி எதையும் வெளிவிடாதாகலின், அவ்வகையினர் நன்றியுரைக்கு ஒதுக்கப்படுகின்றனர். மடற்பனைக்குத் தீவகத்தில் உரை வேண்டியதில்லை: கருக்குமட்டையால் ஏறவிடாது, தானாகவே பழத்தை விழுத்தும் அம்மரம் போல, அழைத்தால் நேரமில்லை என்பவர் அழையாத கூட்டத்தில் முன்வரிசையிலிருந்து எழுந்து 'இரண்டொரு வார்த்தை' பேசுவார். முடத்தெங்கோ ஒருவர் நீர்வார்க்க, வேலிக்கப்பால் அயலவர் வளவிற் காய் விழுத்துவது. நாரந்தனையின் பொன்னாடையைப் போர்த்துக்கொண்டு தம் ஊரையே புகழும் பிரதம விருந்தினர் இதன்பாற்படுவர்.

நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்த ஆறுமுகநாவலர் 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கி, 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தாரிடம் 'நாவலர்' பட்டம் பெற்றார். பேச்சைக் கேட்ட பின்னரே பட்டம் வழங்கப்பட்டதென்பது ஊன்றி நோக்கத்தக்கது. இக்காலத்திற் பட்டம் அழைப்பிதழிலேயே அச்சாகிவிடுதலால், கேட்க வேண்டிய தேவை நீங்கியுள்ளது.

எனினும் செயற்குழுக்கள் உண்மையில் கையாளும் அளவுகோல் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் திரும்பும் கடைசிப் பஸ்ஸாகும். அதைப் பிடிக்க வேண்டியவர் எத்துணைக் கல்விமானாயினும் சுருங்கச் சொல்லுவர். சொந்த வாகனத்தில் வந்தவருக்கு அவ்வரம்பு இல்லை. கனடாவிலிருந்து விடுமுறையில் வந்து, மண்டபக் கூரைக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டவரோ எவ்வளவைக்கும் அடங்காதவர். அவர் உரையின் நீளத்தை, கோலாட்டத்துக்கு உடுத்துத் திரைக்குப் பின்னே காத்திருக்கும் சிறுமிகளுள் எத்தனைபேர் உறங்கிவிட்டனர் என்பதைக் கொண்டு கணிப்பதே நம்பகமான முறை. அனைவரும் உறங்கிய ஆண்டிற்கூட அவரையே மறுமுறையும் அழைக்கத் தீர்மானம் நிறைவேறுவதில் முரண்பாடு இல்லை. கூரைத்தகடு பாதிதான் போடப்பட்டிருக்கிறது.