முட்டுக்கொடுத்த நடிகையர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிகரெட்டுகள் மெல்லிய காகித உறைகளில் விற்கப்பட்டன; சட்டைப்பையில் அவை நசுங்கிப்போனதால், முட்டுக்கொடுப்பதற்கென ஒரு தடித்த அட்டைத் துண்டு உள்ளே செருகப்பட்டது. வெற்று அட்டையை எவரும் போற்றார் என்பதை உணர்ந்த வணிகர், அதில் மேடைக் கலைஞரின் உருவங்களைப் பதித்தனர். இவ்வாறு, பாரிஸ் அரங்குகளை ஆட்டிவைத்த சாரா பெர்ன்ஹார்ட்டும் நியூயார்க்கின் லில்லியன் ரஸ்ஸலும், தாம் கற்ற கலைக்குச் சற்றும் தொடர்பில்லாத, சிகரெட்டைக் கூன் விழாமல் காக்கும் பொறுப்பை ஏற்றனர்.

இதற்கு ஓர் இயந்திரமும் காரணம். கையால் சுருட்டும் தொழிலாளி நாள் முழுதும் உழைத்துச் சில ஆயிரம் சிகரெட்டுகளே செய்ய, 1880களில் வட கரோலினாவின் டர்ஹம் நகரத்து ஜேம்ஸ் புக்கானன் டியூக் பயன்படுத்திய பான்சாக் இயந்திரம் லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியது. அத்தனையையும் ஊதித் தீர்க்கும் அளவுக்கு நாட்டில் வாய்கள் இல்லை. எனவே, ஒரே பொருளில் அமைந்த பல அட்டைகளின் வரிசையாகிய 'தொடர்' கைகொடுத்தது: நாற்பத்தொன்பது நடிகையரைச் சேர்த்தவர், ஐம்பதாமவரைத் தேடி இருமிக்கொண்டே மீண்டும் கடைக்குப் போனார். அவரை ஈர்த்தது நாடகக் கலையின் எந்தக் கூறு என்பதை, பல அட்டைகளில் முகத்தைவிடக் கால்களுக்குத் தாராளமாக ஒதுக்கப்பட்ட இடம் ஐயமின்றி விளக்குகிறது.

டியூக்கின் தந்தை வாஷிங்டன் டியூக் மெதடிஸ்ட் திருச்சபையில் பற்றுமிக்கவர். இத்தகைய படங்கள் இளைஞரைக் கெடுக்கும் என வருந்தி 1894இல் மகனுக்குக் கடிதம் எழுதினார். குடும்பம் விற்ற சரக்கு நுரையீரலுக்குள் போனதைப் பற்றியன்று, உடன் வந்த படம் மனத்துக்குள் போனதைப் பற்றியே அவர் கவலைப்பட்டார்.

நடிகையரின் செல்வாக்கைக் குறைத்தது அறவுரையன்று, கணக்குப் புத்தகமே. 1890இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் இணைந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆனதும், போட்டியில்லாத இடத்தில் புன்னகைக்குச் செலவிடுவது வீண் எனத் தோன்ற, அட்டைகள் அருகின. எனினும் பிரிட்டனில், லிவர்பூலின் ஆக்டன் நிறுவனத்தின் 'கினி கோல்ட்' சிகரெட்டுகளோடு அசல் புகைப்பட அட்டைகளாகவே அவர்கள் வலம் வந்தனர். இந்தியாவில் விற்ற வில்ஸின் கத்தரி மார்க் சிகரெட்டிலும் இடம்பெற்றனர். 1940இல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு பிரிட்டிஷ் அட்டைகளின் மீது திரையை இறக்கியது.

அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துணுக்குகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு வழங்கியதோடு, அட்டைத் தொடர்களுக்கெல்லாம் எண்ணிட்டுப் பட்டியலும் வகுத்தார். கால் காட்டிய நடிகைக்கும், படத்தை அச்சிட்ட நிறுவனத்துக்கும் அதில் இடமுண்டு. இருமி இருமித் தொடரை நிறைவுசெய்து, இந்தக் கலைச்செல்வம் முழுவதற்கும் காசு கொடுத்தவருக்கு மட்டும் ஓர் எண்கூட இல்லை.