செம்பனையின் தாய்வீடு

பீடோங் தோட்டத்திலிருந்து தம்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு லைபீரியாவுக்கு வேலைக்குப் போகிறான் என்றதும் பாட்டி கேட்டது ஒன்றுதான்: “அங்க லயத்துக்குள்ள சிங்கம் வருமாடா?” பாட்டியின் அப்பா இந்தியாவிலிருந்து ரஜூலா என்ற கப்பலில் ஏறி, புலி உலாவிய கெடாக் காட்டுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர். நினைவூட்டினால், “அது வேற” என்பார்.

தம்பி வேலை செய்த சைம் டார்பி நிறுவனம் 2009இல் லைபீரியாவில் செம்பனை நட 2,20,000 ஹெக்டர் நிலத்தை 63 ஆண்டுக்கு எடுத்தது. செம்பனையின் பூர்வீகமே மேற்கு ஆப்பிரிக்கா. அதை நட்டுக்காட்ட மலேசியாவிலிருந்து ஆள்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

பிள்ளைகள் மூன்றே மாதத்தில் அந்த ஊர் ஆங்கிலத்தில் சண்டை போடப் பழகிவிட்டார்கள். அம்மாக்காரிக்குத்தான் கறிவேப்பிலைக் கவலை. அங்கே சோற்றுக்கு மரவள்ளி இலைக் குழம்பாம். அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த பாட்டி சிரித்தார்: “சப்பான்காரன் காலத்துல நாங்க தின்னதுதானே, இதுக்கா பிளேன் ஏறிப் போனீங்க?”

63 ஆண்டுக் கணக்கு பத்துப் பதினொன்றில் முடிந்தது. 2020 தொடக்கத்தில் நிறுவனம் அங்கிருந்து வெளியேறிவிட்டது. தம்பி குடும்பம் அதற்கு முன்பே சுங்கை பட்டாணி திரும்பியாச்சு. பிள்ளைகள் சிங்கம் பார்த்தார்களா? பார்த்தார்கள், போன பள்ளி விடுமுறையில், தைப்பிங் விலங்குக்காட்சி சாலையில்.