டிஎன்ஏ தெரியாத டாக்டர்

தமிழ்நாட்டில் கட்சி மாறாதவர்களைப் பார்க்க ஆசையா? சட்டமன்றப் பக்கம் போய்விடாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு வீட்டு ஹாலை எட்டிப் பாருங்கள். கதாநாயகி மாறுவாள், மாமியார் மாறுவாள், கதையே மாறிப்போகும். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். சோபாவில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் மாற மாட்டார். "இவ்வளவு தூரம் பாத்தாச்சு, இனிமே எப்படி விடறது?"

விஜய் டிவியின் 'பாரதி கண்ணம்மா' சீரியலையே எடுத்துக்கொள்வோம். 2019 முதல் 2023 வரை ஓடியது. நாயகன் பாரதி டாக்டர். தோழி வெண்பாவும் டாக்டர். அவள் செய்த தில்லுமுல்லில் தனக்குக் குழந்தை பிறக்காது என்று நம்பிவிட்ட பாரதிக்கு, மனைவி கண்ணம்மா கர்ப்பம் என்றதும் சந்தேகம். ஒரு சொட்டு ரத்தத்தில் தீர வேண்டிய விவகாரம். எம்பிபிஎஸ் படித்த மகானுபாவர் அந்த டிஎன்ஏ சோதனைக்கு இறங்கி வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. அதற்குள், பிறந்த இரட்டையரில் ஒன்றைத் தத்துப்பிள்ளை என்று நினைத்து அவரே கொஞ்சி வளர்த்தார். இவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட நோயாளிகளை நினைத்தால்தான் பகீரென்கிறது.

கண்ணம்மாவோ வயிற்றுப் பிள்ளையோடு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நடந்தாள். எபிசோடு எபிசோடாக நடந்தாள். நாம் மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். கர்ப்பிணியை நடுத்தெருவில் விட்டது நமக்குத் தமாஷ், சானலுக்கு இலவச விளம்பரம்.

ஓர் அறை விழுந்தால் வீட்டிலுள்ள அத்தனை முகமும் அதிர வேண்டும், ஒவ்வொன்றும் மூன்று தடவை, இடிச் சத்தத்தோடு. போகட்டும். தூங்கும்போதும் பட்டுப்புடவை, நெக்லஸ். அதுவும் போகட்டும். ராத்திரிக்கு ராத்திரி ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை நடுக்கூடத்தில் விசாரணைக்கு வைத்து, நடுநடுவே சோப்பும் மசாலாத்தூளும் விற்றீர்களே சானல்காரர்களே, அதையும் போகட்டும் என்பதா? அதே ஹாலில்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். சந்தேகப்படுவது ஆம்பளைக்கு உரிமை, நிரூபிப்பது பொம்பளைக்கு வேலை என்று அவளுக்கு டியூஷன் எடுத்தீர்கள். ஃபீஸை நாங்கள் கேபிள் பில்லில் கட்டினோம்.

சன் டிவியில் 2022-ல் வந்த 'எதிர்நீச்சல்' கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தது. படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்த ஆதி குணசேகரனை அவர்களே எதிர்க்கத் தொடங்கினார்கள். நடிகர் மாரிமுத்து அந்த வேஷத்தில் அப்படியே பொருந்தினார். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது சொந்தக்காரர் போனதுபோல் வீடுகளில் அழுதார்கள். நல்ல நடிகனுக்கு அது தகும். ஆனால் குணசேகரனின் 'இந்தாம்மா ஏய்' வீட்டு ஆம்பளைகளுக்குச் செல்ல வசனமானதே, அதற்கு என்ன சொல்ல? மருமகள்களின் வசனம் ஒன்றாவது யார் வாயிலாவது ஒட்டியதா?

மாரிமுத்து போன பிறகு வேறு நடிகர் வந்தார், கதை தள்ளாடியது, 2024 ஜூனில் முடித்தார்கள். டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று திரும்பி வந்தார்கள். தலைப்பிலாவது உண்மை சொன்னார்களே! மருமகள்கள் மறுபடி அதே வீட்டில், அதே குணசேகரனிடம். நாமும் ரிமோட்டைத் தேடி எடுத்தோம், சத்தத்தைக் கூட்டுவதற்கு.