மூளைக்கு முன்னால் விளக்கா?

கேள்வி: கேமிங் கம்ப்யூட்டரை நானே பூட்டப் போகிறேன். கையில் 80 ஆயிரம் இருக்கிறது. ரிச்சி தெருவில் முதலில் எதை வாங்கட்டும்? உள்ளே ஏழு வண்ண விளக்கு அவசியம் வேண்டும்!

பதில்: விளக்கு போட்டால் வேகம் கூடும் என்றால் மாரியம்மன் திருவிழாப் பந்தலில்தான் கேம் ஆட வேண்டும். பணத்தில் பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. அடுத்து, எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் பவர் சப்ளை. அதில் கை இறுக்குவது, மண்டபத்துக்கு லட்சம் கொடுத்துவிட்டுச் சமையல்காரரிடம் பேரம் பேசுவது மாதிரி. பந்தி நடுவில் கவிழ்த்துவிடும். மதர்போர்டு எடுக்கும்போது நாளைக்கும் சேர்த்து யோசியுங்கள். ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்த ஏஎம்5 சாக்கெட் என்றால், பின்னால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் டிடிஆர்5 ராம்தான் ஏறும். மச்சானின் பழைய டிடிஆர்4-ஐ வைத்து அழுத்தாதீர்கள், வெட்டு இருக்கும் இடமே வேறு.

எல்லாம் பூட்டியும் கேம் நொண்டுகிறதா? மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். கழற்றி கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். இது தெரியாமல் மூன்று நாள் கடைக்காரரைத் திட்டியவன் நான்.